கடன் கேட்கும் முன் காசு வரும் தேதியைக் கேளுங்கள்

எங்கள் ஊரில் புதிதாக மகளிர் சுய உதவிக் குழு ஆரம்பிக்க நினைக்கிறவர்கள் என்னிடம் வந்தால் முதலில் கேட்பது, "அக்கா, எவ்வளவு லோன் கிடைக்கும்?" என்றுதான். நான் அதற்குப் பதில் சொல்லாமல், "உன் கைக்குக் காசு எந்தத் தேதியில் வரும், சொல்லு" என்பேன். பாதிப் பேர் முழிப்பார்கள். லோன் விசாரிக்க வந்தால் ஜோசியக்காரி மாதிரித் தேதி கேட்கிறாளே என்று ஒருத்தி என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள்.

நான் பென்னாகரம் பக்கத்துக் கிராமத்துக்காரி. பத்தாவது வரை படித்தவள் என்பதால் 2004-இல் மகளிர் குழுவின் கணக்கு நோட்டு என் தலையில் விழுந்தது. குழுவை நடத்தும் ஊக்குநர் பொறுப்பு அதற்கப்புறம் எத்தனையோ பேர் கைமாறிவிட்டது, நோட்டு மட்டும் இன்னும் என்னிடம்தான். தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் முதலில் தொடங்கியதே எங்கள் தர்மபுரி மாவட்டத்தில்தான். 1989-இல், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. அந்தப் பெருமை எங்களுக்குக் கொஞ்சம் உண்டு.

தேதி கேட்கும் புத்தி எனக்குச் சும்மா வரவில்லை. குழுவில் பணம் இல்லாத ஒரு சமயம், வாரக் கலெக்‌ஷன் கம்பெனி ஒன்றில் 30,000 ரூபாய் வாங்கிக் கறவை மாடு பிடித்தேன். வாரம் 650 ரூபாய் டியூ, 52 வாரம். பால் சொசைட்டியில் பட்டுவாடா பதினைந்து நாளைக்கு ஒருமுறை. ஆக, முதல் டியூவே கைமாற்று வாங்கிக் கட்டியது. ஏழு மாதம் எப்படியோ ஓடியது. அப்புறம் மாடு நிறைசினை, பால் வற்றியது. மூன்று மாதம் விற்க ஒரு படி பால் கிடையாது, டியூ மட்டும் திங்கள் தவறாமல் வாசலில் நிற்கும். தோட்டை அடகு வைத்தேன். அது தீர்ந்ததும் தண்டல்காரரிடம் போனேன். கையில் 8,500 கொடுத்துவிட்டு, தினம் 100 ரூபாய் வீதம் 100 நாளைக்கு வசூல் செய்தார். ஆயிரத்து ஐந்நூறுதானே வட்டி என்று நினைத்தேன். பல வருஷம் கழித்து உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் தெரிந்தது, அது கிட்டத்தட்ட மாதம் பத்து வட்டி.

மாட்டின் மேல் தப்பில்லை. கம்பெனி மேலும் பாதித் தப்புதான். சினை மாடு பால் வற்றும் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கையெழுத்துப் போட்ட அன்றைக்கு மட்டும் மறந்துபோனது.

ஆள் சேர்ப்பது

பன்னிரண்டு பேருக்குக் குறையாமல், இருபதுக்கு மேல் போகாமல் சேருங்கள்.  ஒரே தெரு, நடந்து போகிற தூரம். ஒரே வீட்டிலிருந்து மாமியார், மருமகள், நாத்தனார் என்று மூன்று பேரைச் சேர்க்காதீர்கள். அந்த வீட்டில் ஒரு சாவு, ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் மூன்று டியூ ஒரே நாளில் நிற்கும்.

இன்னொன்று, இதை அதிகாரிகள் நடத்தும் பயிற்சியில் சொல்லித் தரமாட்டார்கள்: சண்டை போடத் தெரிந்த ஒருத்தி கட்டாயம் இருக்க வேண்டும். "போன வாரம் மீதி ஐம்பது ரூபாய் எங்கே?" என்று கூட்டத்தில் சத்தமாகக் கேட்கிறவள். எங்கள் குழுவில் அப்படி ஒருத்தி இருக்கிறாள். முதல் இரண்டு வருஷம் அவளைக் கண்டாலே எனக்கு எரிச்சல். இன்றைக்கு அவள் வராத கூட்டத்தில் எனக்குக் கணக்கு எழுதவே பயமாக இருக்கிறது.

நோட்டு

எங்கள் கூட்டம் செவ்வாய்க்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு, கோயில் திண்ணையில். வட்டமாக உட்காருவோம். நடுவில் ஒரு தாம்பாளம். ஒவ்வொருத்தரும் சேமிப்பு 50 ரூபாய், குழுப் பணத்திலிருந்தே உள்கடன் வாங்கியிருந்தால் அந்தத் தவணை, வட்டி, மூன்றையும் தனித்தனியாகச் சொல்லித் தாம்பாளத்தில் போட வேண்டும். நான் அவர்கள் பாஸ்புக்கில் எழுதி, எழுதியதைச் சத்தமாக வாசிப்பேன். கடைசியில் தாம்பாளத்துப் பணத்தை ஒரு பிரதிநிதி எண்ணுவார், நோட்டுத் தொகையோடு ஒத்துப்போனால்தான் எல்லாரும் எழுந்திருக்கலாம். இரண்டு ரூபாய் இடித்ததற்காக ஒன்பதரை மணி வரை உட்கார்ந்திருக்கிறோம்.

எங்களில் ஒரு பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் ஒரு பவுடர் டப்பா வைத்திருப்பார். ஒவ்வொரு தவணை கட்டியதும் ஒரு புளியங்கொட்டையை அதில் போடுவார். ஒருமுறை என் நோட்டில் பதினாலு தவணை, அவர் டப்பாவில் பதினைந்து. "நோட்டு பொய் சொல்லாது பெரியம்மா" என்றேன். டப்பாவைத் தாம்பாளத்தில் கவிழ்த்து எண்ணிக் காட்டினார். பழைய பக்கங்களைப் புரட்டினால், ஆடி மாதத்துத் தவணை ஒன்றை அடுத்த வரியில் இருந்தவர் பேரில் வரவு வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து எழுதுவதற்கு முன்னும் ஒருமுறை, எழுதிய பின்னும் ஒருமுறை பெயரோடு வாசிக்கிறேன்.

பணம் வைக்கும் பெட்டி ஒரு வீட்டில், சாவி வேறு வீட்டில். வங்கியில் பணம் எடுக்க இருவர் கையெழுத்து. இதில் சொந்தக்காரர், நல்லவர் என்றெல்லாம் பார்க்காதீர்கள்.

சேமிப்புக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். 15 பேர், வாரம் 50 ரூபாய் என்றால் வாரம் 750. இருபத்தாறு வாரத்தில் 19,500. இந்தப் பணத்தைப் பெட்டியில் தூங்க வைக்காமல் நமக்குள்ளேயே கடன் கொடுக்க வேண்டும். இரண்டு வட்டி, அதாவது நூறுக்கு மாதம் இரண்டு ரூபாய். அது அதிகமில்லையா என்று கேட்பார்கள். அதிகம்தான். ஆனால் அந்த வட்டி நம் பெட்டிக்கே திரும்பி வருகிறது. தவிர, இந்தச் சின்னக் கடன்களில்தான் யார் சொன்ன தேதியில் கட்டுகிறாள், யார் மழுப்புகிறாள் என்பது தெரியும். வங்கிப் பணம் வருவதற்கு முன் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

வங்கிக்குப் போகும்போது

ஆறு மாதம் குழு ஒழுங்காக நடந்திருந்தால் லோன் கேட்கலாம். இதில் ஒரு நுணுக்கம். ஆறு மாதம் என்பது குழுவின் கணக்குப் புத்தகப்படிதான், வங்கியில் சேமிப்புக் கணக்கு தொடங்கிய நாளிலிருந்து அல்ல. ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலிலேயே அப்படித்தான் இருக்கிறது. எங்கள் பக்கத்துத் தெருக் குழுவை ஒரு கிளையில், "அக்கவுண்ட் தொடங்கி மூன்று மாதம்தானே ஆகிறது, போய்விட்டு வாருங்கள்" என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை நானும் கூடப் போய், தீர்மான நோட்டை முதல் கூட்டத்துப் பக்கத்திலிருந்து மேசை மேல் விரித்து வைத்தேன். அன்றைக்குத்தான் விண்ணப்பத்தை வாங்கினார்கள்.

முதல் லோன் குழுவின் மொத்த நிதியைப் போல ஆறு மடங்கு, அல்லது குறைந்தது ஒன்றரை லட்சம் என்பது தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்துக் குழுக்களுக்கான கணக்கு. மூன்று லட்சம் வரை ஆண்டுக்கு 7 சதவீத வட்டி. பத்து லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது, லோனைக் காட்டி நம் சேமிப்புக் கணக்கைப் பூட்டி வைக்கவும் கூடாது. ஒரு உறுப்பினரின் வீட்டுக்காரர் வாங்கிய டிராக்டர் லோன் பாக்கி என்பதற்காக மொத்தக் குழுவுக்கும் இல்லை என்பார்கள். குழு பாக்கி வைக்காதவரை அது காரணமாகாது. இதையெல்லாம் கோபப்படாமல், சிரித்த முகத்தோடு சொல்லப் பழகுங்கள். அதே மேனேஜரிடம்தான் அடுத்த வருஷமும் போய் நிற்க வேண்டும்.

தேதிப் பலகை

லோன் வந்த அன்றைக்குப் பல குழுக்கள் செய்யும் தப்பு, ஆளுக்குச் சமமாகப் பிரித்துக்கொள்வது. ஒன்றரை லட்சம், பதினைந்து பேர், ஆளுக்குப் பத்தாயிரம். வாதம் இல்லை, வம்பு இல்லை. தொழிலும் இல்லை. பத்தாயிரத்தில் மாடு வராது, தையல் மிஷினும் ஜாக்கெட் துணியும் சேர்ந்து வராது. அது பண்டிகைக்கும் பள்ளிக்கூட ஃபீஸுக்கும் போய்விடும், டியூ மட்டும் நிற்கும்.

நாங்கள் ஒரு பெரிய மாதக் காலண்டரை நடுவில் விரிக்கிறோம். கடன் கேட்கிறவர், தன் கைக்குப் பணம் வரும் நாட்களில் குங்குமப் பொட்டு வைக்க வேண்டும். பூ கட்டி விற்கிறவளுக்குக் காலண்டர் முழுக்கச் சிவப்பு. சித்தாள் வேலைக்குப் போகிறவளுக்குச் சனிக்கிழமைகள். பால் ஊற்றுகிறவளுக்கு மாதம் இரண்டு பொட்டு, நடுவில் மூன்று மாதம் வெறுமை. ஆடு வளர்க்கிறவளுக்கு வருஷத்துக்கே இரண்டோ மூன்றோ பொட்டுதான்: பக்ரீத், ஆடிப் பண்டிகை, தீபாவளி. கூலியைப் பாக்கி வைத்துக் கொடுக்கிற இடத்தில் வேலை செய்கிறவள் பொட்டு வைக்கவே யோசிப்பாள். அந்த யோசனையே நமக்குப் பதில்.

டியூ அந்தப் பொட்டைப் பார்த்துத்தான் போட வேண்டும். பூக்காரிக்கு வாரத் தவணை. பால்காரிக்குப் பட்டுவாடா முடிந்த மறுநாள், மாடு வற்றும் மாதங்களில் வட்டி மட்டும். ஆட்டுக்காரிக்கு மாதாமாதம் வட்டி, அசல் ஆடு விற்றதும். வங்கிக்கு நாம் மாதாமாதம் கட்டியாக வேண்டுமே, இந்த இடைவெளிக்கு என்ன செய்வது? அதற்குத்தான் நம் சேமிப்பும் உள்கடன் வட்டியும். பூக்காரியின் வாரப் பணம் ஆட்டுக்காரியின் மாத டியூவைத் தாங்கும், ஆட்டுக்காரியின் பக்ரீத் பணம் பெட்டியை நிரப்பும். எல்லாரும் ஒரே தொழில் செய்கிற குழுவில் இந்தத் தாங்கல் கிடைக்காது. ஊரே தக்காளி போட்ட வருஷம் விலை விழுந்து, பக்கத்து ஊரில் ஒரு குழு முழுசாக உட்கார்ந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

வாரக் கம்பெனிகளிடம் போகவே கூடாது என்று சொல்லமாட்டேன். அவசரத்துக்கு வீட்டு வாசலுக்கே வந்து கொடுக்கிறவர்கள் அவர்கள்தான். ஆனால் 2010-இல் ஆந்திராவில் நடந்தது நினைவிருக்கட்டும். ஒரே வீட்டுக்கு நாலைந்து கம்பெனி கடன் கொடுத்து, வசூல் நெருக்கடியில் தற்கொலைகள் வரை போய், அந்த அரசு அவசரச் சட்டம் போட்டது. இப்போது 2022 முதல் ரிசர்வ் வங்கியின் விதிகள் தெளிவாக இருக்கின்றன. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வட்டியும் மற்ற பிடித்தங்களும் நமக்குப் புரியும் மொழியில் எழுதிய அட்டையாகக் கையில் தர வேண்டும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் போன் செய்து நெருக்கக் கூடாது. அந்தப் பாதிக் கணக்கை அவர்கள் போடுவார்கள் என்று காத்திருக்காமல் நீங்களே போடுங்கள். மாதம் 12,000 வருகிற வீட்டில் எல்லா டியூவும் சேர்ந்து 6,000-க்கு மேல் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். எங்கள் குழுவில் நாங்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விடுவதில்லை.

வட்டி கேட்கும்போது ஒரே கேள்வி: "பிளாட்டா, குறையும் வட்டியா?" 30,000 ரூபாய், வருஷத்துக்குப் 12 சதவீதம் பிளாட், மாதம் 2,800 டியூ என்பார்கள். 7 சதவீத வங்கி லோனைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்று தோன்றும். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வரும்போதும் முழு 30,000-க்கும் வட்டி போடுகிறார்கள். குறையும் கணக்கில் பார்த்தால் அது 21 சதவீதத்துக்கும் மேல்.

புளி

கடன் தனித்தனியாக எல்லாரையும் கொஞ்சம் தூக்கிவிடும், அவ்வளவுதான். நான் பார்த்தவரை வெறும் கடனால் வறுமை தாண்டியவர்கள் கொஞ்சம் பேர். தொழில் கையில் இருந்தவர்களுக்குக் கடன் உதவியது, இல்லாதவர்களுக்கு இன்னொரு டியூவானது. அதனால்தான் நாங்கள் புளியில் இறங்கினோம்.

எங்கள் பக்கம் புளியமரம் ஏராளம். மாசி, பங்குனியில் உலுக்குவார்கள். வியாபாரி முன்கூட்டியே பணம் கொடுத்துவிடுவார், புளி அவர் சொல்லும் விலைக்குப் போகும். எங்கள் பெண்கள் அதே புளியை அவர் களத்தில் உட்கார்ந்து கல்லில் தட்டிக் கொட்டை எடுப்பார்கள், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. வங்கதேசத்து முகமது யூனுஸ் கதையைப் பயிற்சியில் கேட்டபோது எனக்கு இந்தக் களம்தான் ஞாபகம் வந்தது. 1976-இல் ஜோப்ரா என்கிற கிராமத்தில் அவர் பார்த்த பெண்ணும் மூங்கில் வாங்க வியாபாரியிடம் காசு வாங்கி, பின்னிய முக்காலியை அந்த வியாபாரி சொன்ன விலைக்கே கொடுத்துக்கொண்டிருந்தார். அப்படிச் சிக்கியிருந்த 42 பேருக்கும் சேர்த்துக் கடன் மொத்தமே அவர்கள் நாட்டுக் காசில் 856 டாக்கா. பின்னால் ஏழைகளுக்குக் கடன் கொடுக்க யூனுஸ் தொடங்கிய கிராமீன் வங்கி, நோபல் பரிசு எல்லாம் வந்தது. அவர் சொல்லும் சமூகத் தொழிலுக்கு ஒரு விதி உண்டு: முதல் போட்டவர் போட்ட பணத்தை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், லாபம் தொழிலிலேயே இருக்க வேண்டும். நாங்கள் அதைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டோம். வேலை செய்தவளுக்குக் கூலி உடனே, லாபம் பெட்டிக்கு.

ஒரு வருஷத்துக் கணக்கைச் சொல்கிறேன். ஓட்டோடு 1,000 கிலோ புளி, கிலோ 40 ரூபாய், 40,000. வண்டி, சாக்கு 2,000. உடைத்துச் சுத்தம் செய்ததில் 450 கிலோ புளி, 350 கிலோ கொட்டை, மீதி ஓடும் நாரும். கூலி கிலோவுக்கு 15 வீதம் 6,750. உப்பு, பாலிதீன், குளிர்பதனக் கிடங்கு வாடகை 1,250. மொத்தம் 50,000. கொட்டை கிலோ 8 ரூபாய்க்குப் போனது, 2,800. புளியை அன்றைக்கே விற்றிருந்தால் கிலோ 100, கிடங்கு வாடகையைக் கழித்துப் பார்த்தாலும் நஷ்டம்தான். ஐப்பசி வரை வைத்திருந்து 125-க்கு விற்றோம். 9,050 மிச்சம், அதில் எட்டு மாத வங்கி வட்டி 2,300 சொச்சம் போக 6,700.

லாபம் காத்திருப்பதில்தான் இருக்கிறது. காத்திருக்க வேண்டுமென்றால் மாதத் தவணை லோன் உதவாது. அதனால் வங்கியில் கேஷ் கிரெடிட் கேளுங்கள். ஒரு வரம்பு கொடுப்பார்கள், வேண்டியபோது எடுத்து, விற்றதும் போடலாம், எடுத்த பணத்துக்கு எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி. முதல் வருஷம் கிடங்கு வாடகையை மிச்சம் பிடிக்கிறேன் என்று நான்தான் சொல்லி, என் வீட்டுப் பின்கொட்டகையில் அடுக்கினோம். ஆவணி மழையில் ஈரம் ஏறி, செம்பழுப்பாக இருந்த புளி கருத்துப்போனது. ருசியில் குறையில்லை, ஆனால் கடைக்காரர் விரலால் கிள்ளிப் பார்த்துவிட்டுப் பாதி விலை சொன்னார். சண்டைக்காரி அந்த வாரம் என்னைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

பாக்கெட் போட்டு விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுங்கள். சின்ன அளவில் விற்கிறவர்களுக்குச் சாதாரணப் பதிவு போதும். பாக்கெட் மேல் பதிவு எண், எடை, விலை, பாக்கெட் போட்ட மாதம் எல்லாம் இருக்க வேண்டும். மாவட்டத்து மகளிர் திட்ட அலுவலகத்தில் கேட்டால், குழுப் பொருட்களை 'மதி' என்ற பெயரில் விற்கும் வழியும் கண்காட்சியில் கடை போடும் வழியும் சொல்வார்கள். தராசுக்கு முத்திரை வாங்க மறக்காதீர்கள்.

ஸ்டிக்கர் அச்சடிக்கும் முன் மாதிரியை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த இரண்டு பேரிடம் காட்டுங்கள். எங்கள் முதல் 500 ஸ்டிக்கரில் "கொட்டை நீக்கிய புலி" என்று வந்துவிட்டது. கூட்டத்தில் பிரித்துப் பார்த்துப் பெரியம்மா உட்பட எல்லாரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். மறு அச்சுக்கான 600 ரூபாயை எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது என்று நான் மட்டும்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.